எல்லோரும் தட்டிய கதவு

வெள்ளம் வடிந்த நான்காம் நாள், சிகாமணியின் பழுதுபார்க்கும் கடை மேசையில் முப்பத்தைந்து சாட்சிவில்லைகள் சேறு பூசிக்கொண்டு கிடந்தன. எல்லாம் அவர் குடியிருக்கும் அடுக்ககத்துக்காரர்களுடையவை. அவருடையதும் அதில் ஒன்று. கழுத்தளவுத் தண்ணீரில் எல்லோரும் சேர்ந்து வெளியேறியபோது சேர்ந்தே நனைந்தவை. முப்பத்தாறாவதை ஒரு துண்டில் சுற்றி நித்யகலா கொண்டுவந்தாள். தரைத்தள வீட்டில் தனியாக இருந்து மூழ்கி இறந்துபோன வசந்தகுமாரி டீச்சரின் மகள்.

“அம்மா யாரையாவது கூப்பிட்டாங்களா, யாராவது வந்து பாத்தாங்களா, அது தெரிஞ்சா போதும்ணா. வெள்ளிக்கிழமை விசாரணை. அதுக்குள்ள முடியுமா?”

“முடிச்சுடலாம்மா.”

அவள் போனபிறகு அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டீச்சர் வீட்டுக்கு நேர் மேலே அவர் வீடு. அன்று சாயங்காலம் தான் கீழே இறங்கிப் போனோமா இல்லையா என்பது அவருக்கே தெரியாது.

மறதி நோயெல்லாம் கிடையாது. சாட்சிவில்லை வந்த இந்தப் பதினைந்து வருடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையை ஊரே கைகழுவிவிட்டது. கழுத்தில் தொங்கும் வில்லை பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். நேற்று மதியம் என்ன குழம்பு என்று கேட்டால்கூட விரல் தானாக வில்லைக்குத்தான் போகும். படகேறும் முன் நடந்ததில் சிகாமணிக்கு மிஞ்சியிருந்தது, உதிரிபாகப் பெட்டிகளை அவசர அவசரமாகப் பரணில் ஏற்றியதும், நடுவில் யாரோ தன் பெயரைச் சொன்னதுபோல் ஒரு குறுகுறுப்பும்தான்.

தன் வில்லையை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றைப் பிரித்தார். ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் பச்சைக் களிம்பைத் தேய்த்து, வெப்ப விளக்கின் கீழ் உலர்த்தினார். அதுவரைதான் மனிதன் வேலை. தண்ணீர் அழித்த பதிவை மீட்பது இட்டுநிரப்பி என்ற இயந்திரத்தின் பாடு. முன்னே பின்னே உள்ளதைப் பார்த்து, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து ஓட்டையை அடைத்துவிடும். ஊகித்த இடத்தில் ஒரு மஞ்சள் கோடு ஓட வேண்டும் என்பது சட்டம். ஆனால் மஞ்சளைப் பார்த்தாலே வாடிக்கையாளர்கள் முகம் வாடிப்போகும். மகளின் கல்யாணம் முழுக்க மஞ்சளாக ஓடியதைப் பார்த்து ஒருவர் வில்லையை சிகாமணியின் மேலேயே வீசியிருக்கிறார். அன்றைக்குத்தான் அவரும், தொழிலில் உள்ள எல்லோரையும்போல, அந்தக் கோட்டுக்குப் போகும் கம்பியை நறுக்கிவிட்டார். நல்லதுதான் செய்தோம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

புதன்கிழமை, இனியும் தள்ளிப்போட முடியாமல் தன்னுடையதைப் போட்டார். திரையில் அவரே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போனார். “டீச்சர், கதவைத் திறங்க,” என்று தட்டினார். பதில் இல்லை. சிகாமணி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் சோறு இறங்கியது.

மறுநாள் மூன்றாம் மாடி பார்த்தசாரதி தன் வில்லையை வாங்க வந்தார். காலில் மாவுக்கட்டு, அக்குளில் ஊன்றுகோல். போட்டுக் காட்டியபோது, திரையில் பார்த்தசாரதி படிகளில் தடதடவென்று இறங்கி டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“சார், உங்களுக்குக் கால் உடைஞ்சு ஒரு மாசம் ஆச்சே,” என்றார் சிகாமணி. “அன்னிக்கு உங்களை நாலு பேர் தூக்கித்தானே படகுல ஏத்தினோம்?”

“அப்படியா? ஆனா பாருங்களேன், அந்த வலியிலயும் போயிருக்கேன்.” பார்த்தசாரதியின் கண் கலங்கிவிட்டது. வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நொண்டியபடி கிளம்பினார்.

சிகாமணி கடைக் கதவைச் சாத்தினார். மிச்ச வில்லைகளை ஒவ்வொன்றாக ஓட்டினார். எல்லோரும் தட்டியிருந்தார்கள். இயந்திரம் பாடம் கற்பது புகார்களிலிருந்து. புகாரோடு திரும்பிவரும் வில்லையில் ஊகம் தவறு என்று குறித்துக்கொள்ளும். தாங்கள் நல்லவர்களாக நடந்துகொண்ட பதிவை மட்டும் யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

டீச்சரின் வில்லையை அவர் இட்டுநிரப்பியில் போடவில்லை. வெறுமனே துடைத்து ஓட்டினார். இரைச்சலுக்கு நடுவே பதினோரு நிமிடம் சேதமில்லாமல் இருந்தது. தண்ணீர்ச் சத்தம், கட்டில் மிதந்து சுவரில் இடிக்கும் சத்தம், பிறகு டீச்சரின் குரல்.

“சிகாமணி, மேல இருக்கியாப்பா? கதவு திறக்க வரலை.”

மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றுக்கும் பதிலாகக் கேட்டது மேலே பெட்டிகளை இழுக்கும் சத்தம்தான். அந்தப் பதினோரு நிமிடத்தில் கதவை யாரும் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணையில் அதையே போட்டுக் காட்டினார். “நான் போகல மேடம். யாருமே போகல.”

“போகலைன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார் விசாரணை அலுவலர்.

“இல்லைங்க.”

“அப்புறம் எதை வெச்சு சொல்றீங்க? முப்பத்தஞ்சு வில்லை தட்டினதா சொல்லுது, உங்களோடதும் சேத்து. இது பாதி வேலையோட நிக்குது. முழுசா இல்லாத வில்லையை நான் சாட்சியா எடுத்துக்க முடியாது.”

கம்பி நறுக்கிய கதையையும் சிகாமணி சொன்னார். அதைத் தனிப் புகாராக எழுதித் தரச் சொல்லிவிட்டு, அலுவலர் டீச்சரின் வில்லையை அலுவலகத்து இட்டுநிரப்பியில் போட்டார். ஊரிலுள்ள எல்லா இட்டுநிரப்பிகளிடமும் பாடம் படித்த பெரிய இயந்திரம் அது. இம்முறை, இரைச்சலாக இருந்த இடத்தில் தட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது. உள்ளிருந்து டீச்சர் நிதானமாகச் சொன்னார்: “எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நீங்கல்லாம் கிளம்புங்க.” திரையில் ஓரிடத்தில்கூட மஞ்சள் இல்லை. அந்தக் கம்பியை இங்கேயும் யாரோ நறுக்கியிருந்தார்கள். டீச்சர் தானே வர மறுத்ததாகத் தீர்ப்பு எழுதப்பட்டது.

வெளியே வந்ததும் நித்யகலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் இத்தனை நாள் இல்லாத தெளிவு.

“அம்மா எப்பவும் அப்படித்தாண்ணா, பிடிவாதம். நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. நீங்க தட்டினதை நானே திரையில பாத்தேன்ல?”

“நான் தட்டலம்மா,” என்றார் சிகாமணி.

அவள் ஒரு குழந்தையைத் தேற்றுவதுபோல் அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

கடைக்கு வந்ததும் தன் வில்லையைக் கழற்றி மீண்டும் இட்டுநிரப்பியில் வைத்தார். ஒரு பதிவாவது உண்மையைச் சொல்லட்டும். புகார்ப் பொத்தானை அழுத்தி, அந்தச் சாயங்காலத்தைக் குறித்து, ‘தவறு’ என்று கொடுத்தார். இயந்திரம் வெகுநேரம் யோசித்தது. பிறகு திரை ஒளிர்ந்தது.

இம்முறை திரையில் சிகாமணி கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்.