நடுவில் லாரி, ஓரத்தில் டாக்சி

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு லீனாவின் அப்பா இராயப்பன் பினாங்குத் தீவின் கெலுகோரில் ஒரு தேர்வு வகுப்பில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கடலின் நடுவே, எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்குப் போகும் கப்பலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

லீனா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். அப்பாவேதான். மடியில் தேர்வுப் புத்தகம் விரிந்து கிடந்தது. அவர் பார்வை புத்தகத்தில் இல்லை.

பக்கத்து வீட்டு ஹபீபா மாமி தன் மகளைப் பார்க்கப் பட்டர்வொர்த் போகிறார். கூடையைத் தூக்கத் துணையாக லீனாவையும் அழைத்து வந்திருந்தார். கப்பல் ஏறியதும் மாமிக்குத் தூக்கம் வந்துவிடும். இன்றும் வந்துவிட்டது. லீனா கூடையை மாமியின் காலடியில் வைத்துவிட்டு மெல்ல எழுந்து போனாள்.

"அப்பா."

இராயப்பன் திடுக்கிட்டுப் புத்தகத்தை மூடினார். பிறகு, மூடியது தப்பு என்று தோன்றியதுபோல மறுபடி திறந்தார்.

"நீ இங்க என்னம்மா பண்ற?"

"மாமி கூட வந்தேன். நீங்க கிளாஸுக்குப் போகலையா?"

அவர் கடலைப் பார்த்தார். தூரத்தில் புதிதாகக் கட்டும் பாலம் நீளமாகத் தெரிந்தது. அந்தப் பாலத்தால்தான் இந்தத் தேர்வே வந்தது.

இராயப்பனுக்கு இந்தக் கப்பலில்தான் வேலை. கீழ்த்தட்டில் ஏறும் கார்களுக்கும் லாரிகளுக்கும் கையைக் காட்டி, எது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லி நிறுத்துவார். இந்த வருஷம் பாலம் திறந்துவிட்டால் வண்டிகள் அதன் மேலேயே போய்விடும், கப்பலில் ஆள் குறைந்துவிடும் என்று துறைமுகத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதனால் அவர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி வேலைக்கு, அதாவது எழுத்தர் வேலைக்கு, எழுதிப் போட்டார். தேர்வில் மூன்று பகுதி. மலாய்மொழியும் கணக்கும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவது பகுதிதான் சிந்தனைத் திறன். அதற்காகத்தான் ஓய்வு நாளில் வகுப்பு.

"எத்தனை வாரமாப்பா போகல?" என்று லீனா மெதுவாகக் கேட்டாள்.

"இதோட நாலு."

"ஏன்?"

இராயப்பன் பெருமூச்சு விட்டார். "அங்க எல்லாம் இருபது வயசுப் பிள்ளைங்க. நான் ஒருத்தன்தான் முப்பத்தெட்டு. வாத்தியார் நாகநாதனே யூனிவர்சிட்டியில படிக்கிற பையன்தான். அவரு ஒரு கேள்வி எழுதிப் போட்டாரு. அஞ்சு பேரு வரிசையா உக்காந்திருக்காங்க, அகமது ஓரத்துல, சோங் நடுவுலன்னு. நான் எழுந்து, 'சார், அகமது எங்க உக்காந்தா நமக்கென்ன சார்?' அப்படின்னு கேட்டேன்."

லீனாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

"நீயும் சிரிக்கிறல்ல? அப்படித்தான் மொத்த கிளாஸும் சிரிச்சது. நான் நிஜமாத்தான் கேட்டேன். அதுக்கப்புறம் போகப் பிடிக்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட சொல்லாத, என்ன?"

லீனா யோசித்தாள். "நான் சொல்ல மாட்டேன். ஆனா அம்மா என்கிட்ட கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்."

"அது போதும்லா," என்றார் இராயப்பன். ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

கப்பல் பட்டர்வொர்த் துறையை அடைந்தது. ஹபீபா மாமியை அவர் மகள் வந்து அழைத்துப் போனாள். அங்கேயே தங்கப் போவதாக மாமி சொல்லிவிட்டதால் லீனா அப்பாவோடு அதே கப்பலில் திரும்பினாள்.

கம்பி ஓரமாக நின்று இருவரும் கீழே பார்த்தார்கள். வண்டிகள் ஏறத் தொடங்கின. கீழே கையைக் காட்டிக்கொண்டிருந்தவர் அப்பாவின் கூட்டாளி முனுசாமி.

"பாரு, இப்ப லாரிய நடுவுக்கு விடுவான்," என்றார் இராயப்பன். லாரி நடுவுக்குப் போனது. "அந்த வேன் இடது பக்கம். பின்னாலயே வர்ற ரெண்டு காரும் வலது பக்கம். இல்லாட்டி ஒரு பக்கமா சாயும்." அப்படியே நடந்தது. அவர் வண்டிகளை எண்ணக்கூட இல்லை. துறையில் வரிசையாக நின்றவற்றை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

லீனா அப்பாவையே பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினாள்.

"அந்தக் கேள்வி எந்தப் பக்கம்பா?"

"முப்பத்தொண்ணு. எதுக்கு?"

லீனா பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்தாள். தன் பையிலிருந்து பென்சிலை எடுத்துப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதினாள்.

"அப்பா, உங்க கப்பல்ல இப்ப அஞ்சு வண்டி ஏறப்போகுது. லாரி, டாக்சி, வேன், சிவப்புக் கார், மீன் வண்டி. பக்கம் பக்கமா நிக்கணும். லாரி நடுவுல. டாக்சி வலது ஓரத்துல."

"சரி."

"லாரிக்கும் டாக்சிக்கும் நடுவுல வேன். சிவப்புக் கார் லாரிக்குப் பக்கத்துல நிக்கக் கூடாது. அப்ப மீன் வண்டி எங்க?"

இராயப்பன் ஒரு நொடிகூட எடுக்கவில்லை. "சிவப்புக் கார் இடது ஓரத்துக்குப் போயிரும். அதுக்கும் லாரிக்கும் நடுவுல மீன் வண்டி. ஆனா அப்படி விடக்கூடாதும்மா. மீன் நாத்தத்துக்குக் கார்க்காரர் நம்மகிட்ட சண்டைக்கு வருவாரு."

"வரமாட்டாருப்பா. இது காகிதக் கப்பல்." லீனா புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள். "லாரிதான் சோங். டாக்சிதான் அகமது. வேன் தேவி. சிவப்புக் கார் பஷீர். மீன் வண்டி யீ. பஷீருக்கும் சோங்குக்கும் நடுவுல இருக்கறது யாருன்னுதான் கேள்வி."

"யீ," என்றார் இராயப்பன். புத்தகத்தின் பின்னால் விடையைத் தேடினார். யீ என்றுதான் இருந்தது.

"அடுத்த கேள்வியப் படி," என்றார்.

பினாங்குக் கரை வருவதற்குள் ஆறு கேள்விகள் முடிந்தன. ஐந்து சரி. ஆறாவதில் ஒரு லாரியை ஓரத்தில் நிறுத்தச் சொன்னதால், அது ஆபத்து என்று சொல்லி அப்பா மறுத்துவிட்டார்.

அன்று முதல் தினமும் சாயந்தரம் அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். வடக்கே நடந்து வலப்பக்கம் திரும்பும் கேள்விகளுக்கு அப்பா வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தார். இரண்டு தடவை அலமாரியில் மோதினார்.

உறவுமுறைக் கேள்விகள்தான் அவரை ரொம்பக் குழப்பின.

"படத்தில் இருக்கும் பெண்ணைக் காட்டி ஒருவன் சொல்கிறான்: இவருடைய மாமனாருக்கு ஒரே மகன். அவர்தான் என் அப்பா," என்று லீனா படித்தாள்.

"நேரா பேரைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றார் இராயப்பன்.

"இருங்கப்பா. தாத்தாவுக்கு எத்தனை மகன்?"

"நான் ஒருத்தன்தான்."

"நீங்க யாருக்கு அப்பா?"

"உனக்கு."

"அப்ப தாத்தா யாருக்கு மாமனார்?"

இராயப்பன் சமையலறைப் பக்கம் திரும்பினார். "அமலம்மா, இங்க வா."

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "என்ன?"

"ஒண்ணுமில்ல. நீதான் விடை."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "படிச்சுப் படிச்சு ரெண்டு பேருக்கும் என்னமோ ஆயிருச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, வெள்ளிக்கிழமை வரைக்கும். அன்று நாற்பத்தெட்டாம் பக்கம் வந்தது. எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதியிருந்தார்கள். ஒரு சொல் இன்னொரு சொல்லாக மாறியிருந்தது, எப்படி என்று கண்டுபிடிக்க வேண்டும். லீனா அதைக் காராக்கிப் பார்த்தாள், லாரியாக்கிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"எனக்குத் தெரியலப்பா," என்றாள். "இது நாகநாதன் சாருக்குத்தான் தெரியும்."

இராயப்பன் புத்தகத்தை மூடினார். "இது வந்தா விட்டுட்டுப் போக வேண்டியதுதான்."

"இதே மாதிரி எட்டு பக்கம் இருக்குப்பா."

அவர் புத்தகத்தைத் தள்ளி வைத்தார்.

"நாளைக்கு நானும் வரவா? வெளியே உக்காந்துக்கறேன்."

"நீ துணைக்கு வந்தா இன்னும் சிரிப்பாங்க."

"அதனாலதான் வெளியேன்னு சொன்னேன்," என்றாள் லீனா.

மறுநாள் கெலுகோரில் வகுப்பு நடக்கும் மண்டபத்தின் ஜன்னலுக்கு வெளியே, ஒரு கொய்யா மரத்தின் நிழலில் லீனா உட்கார்ந்தாள். அப்பா வகுப்புக்குள் போய்ப் பின்வரிசையில் அமர்ந்தார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

நாகநாதன் சார் கரும்பலகையில் எழுதினார். ஏழு பேர், ஒரே வரிசை, ஒன்பது நிபந்தனைகள். வகுப்பு முழுவதும் தாளில் கிறுக்கத் தொடங்கியது. ஐந்து நிமிடம் ஆனது. யாரும் கை தூக்கவில்லை.

அப்பாவின் கை பாதி எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது. லீனா தன் கையையே தூக்கிவிடுவாள் போலிருந்தது.

"சொல்லுங்க இராயப்பன் அண்ணே," என்றார் சார்.

அப்பா எழுந்தார். இடமிருந்து வலமாக ஏழு பெயர்களையும் நிறுத்தாமல் சொன்னார்.

சார் தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். "எல்லாம் சரி. எப்படி இவ்வளவு சீக்கிரம் செஞ்சீங்க?"

அப்பா தயங்கித் தயங்கிக் கரும்பலகைக்குப் போனார். ஒரு கப்பலை வரைந்தார். ஏழு பேரையும் வண்டியாக்கினார். கடைசியாக மிஞ்சிய ஆளை மோட்டார் சைக்கிளாக்கி ஒரு சந்தில் நுழைத்தார். வகுப்பு சிரித்தது. ஆனால் இந்தத் தடவை அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "அண்ணே, அந்த இடம் எனக்குப் புரியல, இன்னொரு தடவை காட்டுங்க," என்றாள். அப்பா மறுபடி காட்டினார். பிறகு சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே, "சார், நாற்பத்தெட்டாம் பக்கம் எனக்கு ஒண்ணுமே விளங்கல. கொஞ்சம் சொல்லித் தாங்க," என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் அவசரமாக நாற்பத்தெட்டாம் பக்கத்தைப் புரட்டினார்கள். அவர்களுக்கும் அது விளங்கவில்லை போலிருக்கிறது.

அதன்பின் ஒரு சனிக்கிழமையைக்கூட அப்பா விடவில்லை. ஜூன் மாதத்தில் தேர்வு எழுதினார். ஆகஸ்டில் தபால்காரர் ஒரு நீளமான உறையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பா அதைப் பிரிக்காமல் லீனாவிடம் நீட்டினார். லீனா படித்தாள். அவர் தேர்ச்சி பெற்றுவிட்டார். செப்டம்பர் முதல் வாரத்தில் வேலையில் சேர வேண்டும்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாரு, வாரம் தவறாம கிளாஸுக்குப் போனதோட பலன்," என்றாள்.

லீனா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"அமலம்மா," என்றார் அவர். "நடுவுல நாலு வாரம் நான் போகல. கப்பல்ல உக்காந்து காத்து வாங்கிட்டு வந்தேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அம்மா இடுப்பில் கை வைத்தாள். "நாலு சனிக்கிழமை. நான் இங்க தனியா துணி துவைச்சு, வீடு கூட்டி, மீன் கழுவிக்கிட்டு இருக்கேன். நீங்க அங்க காத்து வாங்கினீங்க."

"தப்புதான்."

"சரி. இனி வர்ற நாலு சனிக்கிழமையும் நான் காத்து வாங்குறேன். சமையல் உங்க பொறுப்பு."

அந்தச் சனிக்கிழமை அம்மாவும் லீனாவும் ஹபீபா மாமியோடு கப்பலில் பட்டர்வொர்த் வரை போய், ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தார்கள். வீட்டில் அப்பா மீன் குழம்பு வைத்திருந்தார். அதில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. அப்பா, அம்மா, லீனா மூன்று பேரும் ஆளுக்கு நான்கு குவளை தண்ணீர் குடித்தபடி, குழம்பை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்கள்.