துண்டு போட்ட இடம்

பேய்க்கதை என்றால் நடுச்சாமமும் புளியமரமும் வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது உச்சி வெயிலில், ஊரே முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஒரு மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில்.

1911-ஆம் வருஷம், தை மாதம். சீமையில் வைத்தியப் படிப்பு முடித்துத் தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறங்கிய என் அத்தை மகன் வேதமுத்துவை, திருநெல்வேலி ஸ்டேஷனில் நானும் என்னைப் பெற்ற அய்யாவும் எதிர்கொண்டோம். அங்கிருந்து எங்கள் ஊரான அம்பாசமுத்திரத்துக்கு வேறு வண்டி.

எங்கள் வேதக்கோயிலில் அதற்குள் இரண்டு ஞாயிறு கலியாண ஓலை வாசித்தாகிவிட்டது. கெசியாவாகிய எனக்கும் வேதமுத்துவுக்கும் விவாகம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் கேட்டபோது ஒரு இருமல்கூட எழவில்லை. மூன்றாவது ஓலைதான் பாக்கி.

சீமைப் படிப்புக்கு மயங்கி நான் சம்மதிக்கவில்லை. என் அண்ணன் நேசையாவுக்காகத்தான் சம்மதித்தேன். அண்ணனும் அத்தானும் சேர்ந்துதான் எடின்பரோவுக்குப் படிக்கப் போனார்கள். அண்ணன் திரும்பவில்லை. "நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில், என் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினான்" என்று அத்தான் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மடிப்புக் கிழியும்வரை படித்தேன். அண்ணன் கடைசியாகப் பிடித்த கையைத்தான் நானும் பிடிப்பேன் என்று முடிவு செய்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

அண்ணனுடைய கடிதங்களில் படிப்பைவிட டிராம் வண்டிதான் அதிகம் வரும். குதிரை கிடையாது, புகை கிடையாது, தெருவுக்கு அடியில் ஓடும் கம்பிவடம் வண்டியை இழுத்துப் போகுமாம். வண்டி புறப்படும் இடத்தில் அண்ணன் ஏறுவான். நாலு நிறுத்தம் தள்ளி அத்தான் ஏறுவார், அதற்குள் கூட்டம் நிரம்பிவிடும். அதனால் அண்ணன் நம்மூர் வழக்கப்படி பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டுவைப்பான். நான் கொடுத்தனுப்பிய வீரவநல்லூர் நெசவுத் துண்டு அது. மூலையில் சிவப்பு நூலால் ஒரு சிலுவை தைத்திருந்தேன்.

"இங்கன ஒருத்தனுக்கும் துண்டு போட்டா என்ன அர்த்தம்னு தெரியலை. எடுத்துக் கீழ போட்டுட்டு உட்காருதான். நான் விடுவேனா? மறுநாளும் போட்டேன். இப்போ கண்டக்டரே பழகிட்டார்" என்று எழுதியிருந்தான். அதைப் படித்து அய்யா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

எங்கள் ரயில் பேட்டை ஸ்டேஷனைத் தாண்டியது. அய்யா என் பக்கத்தில் தூங்கிப்போனார். எதிர்ப் பலகையில் ஜன்னலோரமாக அத்தான். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் காலியாகக் கிடந்தது. பெட்டியில் பலர் நின்றுகொண்டே வந்தார்கள். ஒருவரும் அங்கே உட்காரவில்லை.

குளிர்ந்தது.

ஆற்றுக்காற்று என்று நினைத்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பிறகு வாடை வந்தது. நனைந்த கம்பளியின் வாடை. தை மாத வெயிலில், தண்ணீர்ப் பானைகூட இல்லாத பெட்டியில், எங்கிருந்து வரும் அது?

வெற்றிலைக் கூடையோடு நின்ற ஒரு அம்மாள் காலியிடத்துக்கு வந்தாள். உட்காரக் குனிந்தவள் சட்டென்று விலகிக்கொண்டாள்.

"துண்டு போட்டிருக்குல்லா. ஆளு வருவாரு போல."

அப்போதுதான் நானும் பார்த்தேன்.

துண்டு கிடந்தது. ஈரமாக.

மூலையில் சிவப்புச் சிலுவை.

அத்தான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவ்வளவு குளிரிலும் அவர் கழுத்துப்பட்டி வியர்வையில் ஊறியிருந்தது.

சேரன்மாதேவியில் வண்டி நின்றது. டிக்கெட் பரிசோதகர் கதவைத் திறந்து ஏறினார். எங்கள் மூன்று பேர் டிக்கெட்டையும் பார்த்துவிட்டு, காலியிடத்தின் முன்னால் போய் நின்றார்.

"உம்ம டிக்கெட்டு எங்க வே?"

காது கொடுத்துக் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார்.

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுதாரு. நீங்க இவருக்கு அத்தை மகனாமே? உங்க கூட வந்தவரா?"

அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இங்கிலீஷில் பதில் சொன்னார். உபாத்தியாயர் மகளான எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும்.

'இவரை எனக்குத் தெரியாது.'

யாரைத் தெரியாது? அங்கே யாருமே இல்லையே!

பரிசோதகர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க தங்கச்சியாம்மா? பாவம், கிடுகிடுன்னு நடுங்குதாரு. உங்க ஆளுதானா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். என் அண்ணன் என்று சொல்லியிருந்தால் போதும்.

துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிப் பலகையடியில் ஓடி என் காலை நோக்கி வந்தது. காலை மேலே தூக்கிக்கொண்டேன்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்போ இறங்கும் வே. பைய, படி வழுக்கும்" என்று பரிசோதகர் யாருக்கோ கைகொடுத்து இறக்கிவிட்டார். ஆள் பாரத்தில் படி கிறீச்சிட்டது. வண்டி நகர்ந்தபோது பலகையில் துண்டு இல்லை. ஈரம் மட்டும் இருந்தது.

"யாரைத் தெரியாதுன்னு சொன்னீங்க, அத்தான்?" என்றேன்.

அவர் வாய் கோணிக்கொண்டது. சத்தம் கேட்டு அய்யாவும் விழித்துக்கொண்டார். அத்தான் எங்கள் முகத்தைப் பாராமல் சொன்னார்.

"அன்னைக்கு நான் வெள்ளைக்காரச் சிநேகிதங்களோட டிராம்ல ஏறினேன். நேசையா எனக்குத் துண்டு போட்டு வச்சிருந்தான். அவங்க அதைப் பார்த்துச் சிரிச்சாங்க. எனக்கு வெட்கமாப் போச்சு. புதுக் கண்டக்டர் கேட்டப்போ அவன் டிக்கெட்டைக் காணோம். என் அத்தை மகன்னு என்னைக் காட்டினான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இப்போ சொன்னதைத்தான்."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததாம். பகல் மூன்று மணிக்கே இருட்டிவிட்டதாம். கண்டக்டர் இறக்கிவிட, காய்ச்சல் உடம்போடு அண்ணன் அந்தப் பனியில் நடந்தே போயிருக்கிறான்.

"ஆஸ்பத்திரியில கையைப் பிடிச்சிருந்ததா எழுதினீங்களே?"

"நான் போகவே இல்லை, கெசியா."

அய்யா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிய அத்தனை நாளையும் நினைத்து உடம்பெல்லாம் எரிந்தது.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. ஆட்சேபம் சொல்ல வேண்டியவன் ரயிலேறி வந்து சொல்லிவிட்டான். வேதமுத்து கொழும்புக்குப் போய்விட்டதாகக் கேள்வி. நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ராத்தூக்கத்தைக் கெடுப்பது அவர் அல்ல. அவர் சிநேகிதர்களுக்கு முன்னால் வெட்கப்பட்டார். நான் எதற்காகத் தலையாட்டினேன்? என் கூடப் பிறந்தவனைப் பார்த்துத்தானே பயந்தேன்!

அது முதல் அந்தத் தடத்தில் எப்போது போனாலும், சிவப்புச் சிலுவை தைத்த புதுத்துண்டு ஒன்றைப் பக்கத்தில் போட்டுவைப்பேன். சேரன்மாதேவி வரும்போது கதவையே பார்த்திருப்பேன். மூன்று வருஷமாக அந்தத் துண்டு காய்ந்தபடியேதான் கிடந்தது.

போன மாதம் அதே பரிசோதகர் சேரன்மாதேவியில் ஏறினார்.

"யாருக்கும்மா இடம் போட்டு வச்சிருக்கீங்க?"

"என் அண்ணனுக்கு" என்றேன். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னேன்.

அவர் பிளாட்பாரத்தைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த நடுங்குத மனுஷனா? நீங்க வார வண்டிக்கெல்லாம் கதவு வரைக்கும் வாராரும்மா, நான் பிளாட்பாரத்துல நின்னு பார்த்திருக்கேன். ஏறும் வே, தங்கச்சி உமக்குத்தான் இடம் போட்டு வச்சிருக்கு போலன்னு இப்பக்கூட உங்களைக் காட்டினேன்."

"என்ன சொன்னான்?"

கதவுப் படியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"அவங்களை எனக்குத் தெரியாதுன்னு சொல்லுதாரும்மா."