பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்

இளவேனிலுக்கு எதையும் இரண்டு முறை பார்த்தால்தான் நிம்மதி. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மூடிய பள்ளிப்பையைத் திறந்து பார்ப்பாள். பக்கத்து வீட்டு ரயான் அவளுக்கு 'மறுபடி மேடம்' என்று பெயரே வைத்துவிட்டான்.

அன்றும் அப்படித்தான். லிங்கராஜபுரத்தில் அம்மாவின் தையல் கடையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தை டேப் வைத்து அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"முப்பத்தெட்டு இஞ்ச், அம்மா."

"நல்லா பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

"அப்ப சரி. கெளம்பு, பஸ் போயிடும்."

அம்மா தமயந்தி டேப்பை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் ஏறிய பிறகும் அது கழுத்திலேயே தொங்கியது.

"அம்மா, டேப்பு!"

"இருக்கட்டும்டி. இது இல்லேன்னா எனக்குக் கழுத்தே இல்லாத மாதிரி இருக்கு."

அவர்கள் ஒக்கலிபுரத்துக்குப் போனார்கள். மரம் கடையும் லேத் ஒன்று வாங்கப் போனார்கள்.

அம்மா தைக்கும் ரவிக்கைகளின் முதுகுப்பக்கக் கயிற்றில் சின்னச் சின்ன மரமணிகள் தொங்கும். அம்மாவே கடைந்த மணிகள். ஷில்பா மிஸ் நடத்திய சாயங்கால வகுப்பில் அம்மா அதைக் கற்றுக்கொண்டாள். சிறுவர்கள் இயந்திரத்தைத் தொடக்கூடாது என்பதால், இளவேனில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம் வகுப்பு முடிந்துவிட்டது. அதோடு வகுப்பு லேத்தும் போய்விட்டது. ஆனால் வாடிக்கையாளர்கள் விடவில்லை. "மணி வச்ச ரவிக்கைதான் வேணும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டாள். அதில் பழைய லேத் ஒன்று வாங்கலாம். தப்பான லேத்தை வாங்கிவிட்டால், இன்னொன்றுக்கு வழி கிடையாது.

பழைய இயந்திரக் கடைக்காரர் சுதீர் ஒரு நீளமான பச்சை லேத்தின் முதுகில் செல்லமாகத் தட்டினார்.

"அக்கா, இதை எடுங்க. கட்டில் கால்கூடக் கடையலாம். உங்க பட்ஜெட்டுலயே வரும்."

"நீளம் எவ்வளவு அண்ணா?"

சுதீர் அளந்தார். "முப்பத்தேழு இஞ்ச்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "நம்ம இடம் முப்பத்தெட்டு. ஒரு இஞ்ச் மிச்சமே இருக்கு!"

"மஸ்து மெஷின் அக்கா, சூப்பரா ஓடும்! இருங்க, லக்கேஜ் ஆட்டோவுக்குச் சொல்றேன்."

சுவரில் கன்னடத்தில் ஒரு பலகை இருந்தது. இளவேனில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். விற்ற இயந்திரத்தைத் திரும்ப வாங்கமாட்டோம் என்று எழுதியிருந்தது. சரியாகத்தான் அளந்தேனா?

'ரெண்டு தடவை அளந்தாச்சு. சும்மா இரு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அம்மா பணப்பையைத் திறக்கும்போது செல்போன் மணி அடித்தது.

"சொல்லுங்க, சிந்து. ரவிக்கை டைட்டா இருக்குமா? சேச்சே! உங்க அளவு முப்பத்தாறு. தையலுக்கு ரெண்டு இஞ்ச் விட்டு, முப்பத்தெட்டா வெட்டியிருக்கேன். பயப்படாதீங்க."

முப்பத்தாறு. தையலுக்கு இரண்டு. முப்பத்தெட்டு.

இளவேனில் திடுக்கிட்டாள். அம்மா துணி வெட்டும்போது அளவு சொல்வது அவள்தான். டேப்பில் உள்ளதோடு இரண்டைக் கூட்டித்தான் எப்போதும் சொல்வாள். சுவரை அளந்தபோதும் கூட்டிவிட்டாளோ?

கண்ணை மூடி யோசித்தாள். பீரோவின் ஓரத்தில் டேப்பின் எந்த இடம் தொட்டது? நெயில் பாலிஷ் சொட்டிய ஒரு சிவப்புப் புள்ளி. ஆமாம், அந்தப் புள்ளிதான்!

எட்டி, அம்மாவின் கழுத்திலிருந்த டேப்பை இழுத்தாள்.

"ஏய், என்னடி பண்றே?"

சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் முப்பத்தாறு என்று இருந்தது.

அம்மா பணத்தை வெளியே எடுத்தாள். இளவேனில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, குடுக்காதீங்க. நம்ம இடம் முப்பத்தாறுதான். நான்... நான் தையலுக்கு ரெண்டு சேத்துட்டேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். நீளமான பச்சை லேத்தைப் பார்த்தாள். இளவேனில் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சுவத்துக்குத் தையல் விட்டியா? அதைப் பிரிச்சு லூஸ் பண்ணவா போறோம்?" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சுதீரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் அம்மாவின் முகம் வாடியது. "அய்யோ, நல்ல மெஷினாச்சே."

"பீரோவைத் தள்ளிடுங்க அக்கா."

"அந்தப் பக்கம் கதவு இருக்குண்ணா."

இளவேனில் மெல்ல நிமிர்ந்தாள். "அம்மா, நாம கட்டில் கால் கடையப் போறோமா?"

"இல்லையே. மணி, பொத்தான். அவ்வளவுதான்."

"அப்ப எதுக்கு இவ்வளவு நீளம்?"

இளவேனில் கடையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் கோணிக்கு அடியில் ஒரு குட்டி லேத் தெரிந்தது.

"அதுவா பாப்பா? இருபத்தெட்டு இஞ்ச்தான். பெருசா எதுவும் செய்ய முடியாது."

"நாங்க பெருசா எதுவும் செய்யலையே, அங்கிள்."

சுதீர் கோணியை விலக்கினார். ஷில்பா மிஸ் தினமும் வகுப்பில் முதலில் செய்து பார்ப்பது இளவேனிலுக்கு நினைவு வந்தது.

"மரத்தைப் பிடிக்கிற இந்த ரெண்டு முனையையும் பக்கத்துல கொண்டு வாங்க அங்கிள். நேருக்கு நேர் வருதான்னு பாக்கணும்."

"ஓ! லேத் ஓட்டுவியா நீ?"

"இல்ல அங்கிள். பாக்க மட்டும்தான் விடுவாங்க."

சுதீர் கைப்பிடியைத் திருகினார். இரண்டு எறும்புகள் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்வது போல, இரண்டு முனைகளும் சரியாகச் சந்தித்தன. மின்சாரம் கொடுத்ததும் லேத் ஆடாமல் அசையாமல் சுற்றியது.

"மறுபடி ஒரு தடவை, அங்கிள்."

"எத்தனை தடவை வேணும்னாலும் பாரு, தாயே!"

பச்சை லேத்தைவிட இதற்கு விலையும் குறைவு. மிச்சப் பணத்தில் ஒரு உளியும் இரண்டு பேருக்கும் மரத்தூள் கண்ணில் படாத பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கினார்கள். முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி. இளவேனில் ஆட்டோவில் அதைப் போட்டுக்கொண்டே வந்தாள்.

மாலையில் அம்மாவும் ரயானின் அப்பா டென்சிலும் லேத்தைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. ரயான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

இளவேனில் டேப்பை எடுத்து மிச்ச இடத்தை அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"எட்டு இஞ்ச், அம்மா."

"தையலுக்கு விட்டதையும் சேத்தா?"

"இல்லவே இல்ல. வெறும் சுவர்!"

அம்மா சுவிட்சைப் போட்டாள். சற்று நேரத்தில், முதல் மணி இளஞ்சூட்டோடு இளவேனிலின் உள்ளங்கையில் உருண்டது.

"மறுபடி மேடம், எனக்கும் ஒண்ணு" என்றான் ரயான்.

அந்தப் பெயர் அன்று அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது.