குரலுக்கு மூன்று நாள் விடுமுறை

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்க வாயைத் திறந்தவள், சட்டென்று மூடிக்கொண்டாள்.

மழைக்குப் பயந்து குனிந்தபடி ஓடி வந்தவனின் குடை அவள் முகத்தில் மோதியது. மூக்குக் கண்ணாடி தெறித்து விழ, பின்னால் வந்த சைக்கிள் அதன்மேல் நிதானமாக ஏறிப் போனது. வேறொரு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். ஆனால் பேசக் கூடாதே!

வெள்ளிக்கிழமை அவளுக்கு மேடை நடிப்பில் எட்டாம் நிலைத் தேர்வு. ஒத்திகையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. "தேர்வு அறைக்குள்ள போற வரைக்கும் ஒரு வார்த்தை வெளிய வரக்கூடாது. கிசுகிசுன்னு பேசினாக்கூட குரல் போயிடும்" என்று நாடக ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தச் சான்றிதழ் வந்தால்தான் பள்ளியில் நாடகம் சொல்லித்தரும் வேலை கிடைக்கும். போன முறை வேறு கோட்டை விட்டிருந்தாள்.

"ஐயையோ, ஸாரிங்க! அடி பட்டுச்சா? பயப்படாதீங்க... நான் கண்ணாடிக் கடைதான் வச்சிருக்கேன். இதோ, எதிர்லயே!"

ஆளை இடித்துக் கடைக்குக் கூட்டிப்போகிறானா... நல்ல வியாபாரம்தான்! மனதுக்குள் திட்டிக்கொண்டே பின்னால் போனாள். கண்ணாடி இல்லாமல் வேறு என்ன செய்வது? தேர்வில், கொடுத்த பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் உணர்ச்சியோடு படித்துக் காட்ட வேண்டும்.

உட்காரவைத்துச் சுவரில் எழுத்துப் பலகையை மாட்டினான்.

"மூணாவது வரியைப் படிங்க."

அவள் பேசவில்லை.

"சரி, ரெண்டாவது வரி?"

அதற்கும் பேசவில்லை.

"மேல ஒத்தை எழுத்து இருக்கே... யானைக்குட்டி சைஸ்ல இருக்குங்க அது!"

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையசைத்தாள். அவன் முகம் வாடிவிட்டது.

"மன்னிச்சுக்கங்க... தெரியாமக் கேட்டுட்டேன். லென்ஸை மாத்தி மாத்திப் போடறேன். முதல்ல போட்டது தெளிவா இருந்தா ஒரு விரல், அடுத்ததுன்னா ரெண்டு விரல் காட்டுங்க. சரியா?"

ஒவ்வொரு லென்ஸாக மாற்றினான். ஒரு சாண் தூரத்தில் அவன் கண்கள்... இமைகளில் இன்னும் மழைத் துளி இருந்தது. லென்ஸ் மாற மாற அந்தக் கண்கள்தான் தெளிவாகிக்கொண்டே வந்தன. ஒரு விரலா, இரண்டு விரலா... பாவம், அவளுக்கு எண்ணிக்கையே மறந்துபோயிற்று.

விஷயத்தை எழுதிக் காட்டலாம் என்றால் பையிலிருந்த நோட்டுப் புத்தகம் மழையில் கூழாகியிருந்தது. அவனிடம் காகிதம் கேட்கவும் கூச்சமாக இருந்தது; நாளைக்கு எழுதிக் காட்டலாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் ஃபிரேம் பார்க்கப் போனபோது அவள் கையில் சீட்டு தயாராக இருந்தது. 'எனக்குப் பேச வரும். குரலுக்கு ஓய்வு, அவ்வளவுதான்.' ஆனால் அவள் உள்ளே நுழைந்ததும் அவன் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் தடுமாறித் தடுமாறி ஏதோ செய்தான். தப்பாகிவிட, மறுபடி ஆரம்பித்தான்.

"வாங்கன்னு சொன்னேன்... சைகை மொழி, ஃபோன்ல பாத்துக் கத்துக்கிட்டேன். சரியா வருதா?"

சீட்டு அவள் கைக்குள்ளேயே கசங்கியது. இந்த மனுஷனிடம் இதை எப்படிக் கொடுப்பது!

அன்றைக்கும் மறுநாளும் அவன்தான் பேசினான். "அம்மா போயி ரெண்டு வருஷமாச்சு. வீட்ல என் குரலே எனக்குக் கேக்கறதில்லைங்க. அக்கா நாலு பொண்ணு பாத்தாங்க... நான் வாயைத் திறந்தா மழை, வெயில் பத்திப் பேசிட்டு நிறுத்திடுவேன். உங்ககிட்ட மட்டும் எப்படியோ கொட்டுது..."

ஐயோ, நான் பாவி, பாவி என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் எழுந்து வர மனமில்லை. லென்ஸ் இன்னும் வரவில்லை என்றான். அதற்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமைப் பரீட்சைக்கு வேண்டும் என்று எழுதி, அது நடக்கும் கட்டடத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தேர்வுக் கட்டடத்தின் தாழ்வாரம். அடுத்தது அவள் முறை. துணைக்கு வந்த தங்கை பக்கத்தில் இருந்தாள். அவன் கண்ணாடிப் பெட்டியோடு மூச்சிரைக்க வந்து, கைகளால் வாழ்த்துச் சொன்னான்.

தங்கை கொல்லென்று சிரித்தாள். "என்ன சார், எங்க அக்காவுக்குப் பேச வராதுன்னு நினைச்சீங்களா? இன்னிக்கு நாடகப் பரீட்சை... குரலைப் பத்திரப்படுத்தறா! வாயைத் திறந்தான்னா வீடே தாங்காது!"

அவன் கைகள் அப்படியே நின்றன. காதுவரை சிவந்துபோனான்.

"மூணு நாளா என்னை வச்சு ஒத்திகை பாத்தீங்களா? நல்லாவே நடிக்கிறீங்க. பாஸாயிடுவீங்க."

பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினாள். அவன் சாலையைக் கடந்துவிட்டான். பேருந்தும் வந்து நின்றது. நடுவில் வண்டிகள்... கத்தினால்தான் கேட்கும். கத்தினால் குரல் போய்விடும். கையசைத்தாள். அவன் திரும்பவில்லை. படியில் கால் வைத்தான்.

போனால் போகட்டும்! அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் போக வேண்டிய குரல் அது...

"நில்லுங்க! நான் நடிக்கலை! முதல் நாள் பேச முடியலை... அப்புறம் சொல்ல மனசு வரலை! நீங்க பேசிக்கிட்டே இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு! எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சுங்க!"

நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "சார், அவ்வளவு தூரம் சொல்றாங்க... ஏறப் போறீங்களா, இறங்கப் போறீங்களா?"

அதற்குள் மேலேயிருந்து தங்கை அலறினாள். "அக்கா, உன்னைக் கூப்பிட்டாச்சு!"

அவன் இறங்கினானா என்று பார்க்கக்கூட நேரமில்லை. ஓடினாள்.

அரை மணி கழித்து வெளியே வந்தபோது அவன் வாசலில் நின்றிருந்தான். இந்த முறை யாரையும் இடித்துவிடக் கூடாது என்பதுபோல் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குள் பிடித்துக்கொண்ட மழையில் நன்றாக நனைந்துகொண்டு!

"எப்படிப் பண்ணீங்க?"

"பாத்துப் படிச்சது நல்லா வந்துச்சு." குரல் கரகரத்தது. "கடைசி வசனத்துலதான் குரல் உடைஞ்சுபோச்சு."

"என்னாலதானே... உங்க தங்கச்சி சொன்னாங்களே, அந்த வேலை போயிடுமா?"

"போகலாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தேர்வு வரும், அதுல பாஸ் பண்ணிடுவேன்." கண்ணாடிக்குள் அவள் கண்கள் கலங்கின. "நீங்க அந்த பஸ்ல போயிருந்தீங்கன்னா?"

அவன் முகத்திலிருந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டான்.

"போயிருந்தாலும் அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பி வந்திருப்பேன். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குங்க... அதனாலதான் அவ்வளவு கோபம் வந்துச்சு."