கோட்டுக்குள் கிடந்த கேள்வித்தாள்

பிற்பகல் 2.10. அக்தெரெக் தீயணைப்பு நிலையத்தில் பயிற்சி விசில் ஒலித்தது. பெஞ்சில் மடித்து வைத்திருந்த உடுப்பை மாட்ட ஓடினாள் பயிற்சி வீராங்கனை செசிம். இருபத்தைந்து நொடியில் முடிப்பவளுக்கு இன்று கோட்டின் கை அகப்படவே இல்லை. திருப்பினாள், தடுமாறினாள், உதறினாள். உள்ளேயிருந்து ஓர் உறை விழுந்தது. அன்று நான்கு மணிக்கு நடக்கவிருந்த சான்றிதழ்த் தேர்வின் கேள்வித்தாள்!

2.40. இன்ஸ்பெக்டர் குல்சாத் வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள், காலில் சக்கரம் கட்டிய பிறவி.

"ஒன்றரைக்குச் சாப்பிடப் போறப்ப அந்த உறை என் மேஜைமேல இருந்துச்சு" என்றார் கேப்டன் எசென்குல். "திருடின பயத்துல உடுப்பு மாட்டறப்ப அவளுக்குக் கையே ஓடல, நானே பாத்தேன். நாலு மணிக்குள்ள அவ பேரைத் தேர்வுப் பட்டியல்லேர்ந்து அடிச்சிடுவேன்."

"அடிச்சா அந்த இடம் யாருக்கு?"

"எங்க பயிற்சியாளர் ஒர்மோனோட பையன் திலெக்குக்கு. காத்திருப்புப் பட்டியல்ல அடுத்த ஆள்."

செசிம் அழுது முகம் வீங்கியிருந்தாள். குல்சாத்தை எஜே, அதாவது அக்கா, என்று அழைத்துப் பேசினாள். "உடுப்பை ஒரு மணிக்கே மடிச்சு வெச்சுட்டு ஏணிப் பயிற்சிக்குப் போயிட்டேன் எஜே. தனியா இருந்தேன், யாரும் பாக்கல. இந்தத் தேர்வுக்கு வர்றது இது மூணாவது தடவை. இதோட வாய்ப்பே முடிஞ்சுது."

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள். இடது கையால்.

உணவு வேளையில் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர். சமையற்காரி சூரா எரிந்து விழுந்தாள். "லக்மான் நூடுல்ஸ் சட்டியத் தூக்கவே ரெண்டு கை பத்தல, இதுல திருட வேற போனேனாக்கும்!"

பயிற்சியாளர் ஒர்மோன் இருபது வருஷ அனுபவஸ்தர். "நேத்துதான் லீவு முடிஞ்சு ஏரியிலேர்ந்து வந்தேன். பாவம், நல்ல பொண்ணு" என்றார்.

குல்சாத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. முற்றத்தில் பத்து முறை நடந்தாள். கடிகாரம் 3.20 ஆகிவிட்டது. சட்டென்று திரும்பினாள்.

"செசிம், எல்லாரும் மடிக்கிற மாதிரிதான் நீயும் மடிப்பியா?"

"இல்ல எஜே, மாத்தி மடிப்பேன். இடது கை முதல்ல போகணுமே. போன வாரம்தான் கேப்டன் அனுமதி குடுத்தாரு."

3.35. குல்சாத் எல்லாரையும் பெஞ்சருகே கூப்பிட்டாள்.

"தடுமாறினதைப் பயம்னு நினைச்சீங்க கேப்டன். தான் மடிச்ச கோட்டுல ஒருத்தி ஏன் தடுமாறணும்? உறையச் செருகின ஆள் கோட்டைத் திரும்ப மடிச்சிருக்கான், விதிப்படி, வலது கைக்காரங்களுக்கு. சூராவுக்கு அந்த மடிப்பே தெரியாது. தெரிஞ்ச ஆள், அனுமதி குடுத்த வாரம் ஊர்ல இல்லாத ஆள், ஒருத்தர்தான். என்ன ஒர்மோன் பைகே, சரிதானா அண்ணே?"

ஒர்மோன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "என் பையன் நாலு வருஷமாக் காத்துக் கிடக்கான்ம்மா."

"செருகிட்டு அப்படியே போட்டுட்டுப் போயிருந்தா தப்பிச்சிருப்பீங்களே?"

"தப்பா மடிச்சுக் கிடந்துச்சு" என்றார் அவர், தன் கைகளைப் பார்த்துக்கொண்டே. "இப்படி மடிச்சா பொண்ணு உடுப்பு மாட்டுற பரீட்சைல தோத்துடுவாளேன்னு கை தானா திருத்திடுச்சு."

செசிம் கோட்டை எடுத்து மறுபடி தன் மாதிரியே மாற்றி மடித்து வைத்தாள். கேப்டன் மாற்றுக் கேள்வித்தாளுக்கு ஃபோன் போட ஓடினார், அவள் தேர்வறைக்குள் போனாள்.