விரலால் போட்ட கையெழுத்து

திங்கட்கிழமை, காலை 10.40.

"இது என் கையெழுத்துதானுங்க. ஆனா நான் போடலை."

முனியாயி அந்தக் காகிதத்தை சப்-இன்ஸ்பெக்டர் தெரசாவின் மேசையில் வைக்கவில்லை, எறிந்தாள். வத்தல்மலையில் அவளுக்கு இரண்டு ஏக்கர் சாமைக் கொல்லை. காலை ஏழு மணிக்கு அதில் ஒரு பொக்லைன் வந்து நின்றிருக்கிறது. யாரைக் கேட்டு வந்தாய் என்று மறித்ததற்கு டிரைவர் இந்த நகலைக் கையில் கொடுத்திருக்கிறான். கொல்லையை ஒரு தங்கும் விடுதிக்காரருக்கு முப்பது வருடக் குத்தகைக்கு விடச் சம்மதம் என்று அதில் அச்சாகியிருந்தது. கீழே அவள் கையெழுத்து. புருஷன் போன பிறகு அந்தக் கொல்லைதான் அவளுக்குச் சோறு போடுகிறது. வயது நாற்பத்தாறு. முப்பது வருடம் கழித்து நிலம் திரும்பி வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

அன்று மாலை நாலு மணிக்குத் தாலுகா ஆபீசில் குத்தகை விசாரணை. கையெழுத்து பொய் என்று அதற்குள் காட்டாவிட்டால் உத்தரவு போட்டுவிடுவார்கள்.

தெரசாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது ஸ்டேஷனில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். நகலைப் படித்து முடிப்பதற்குள் அவள் முகம் சிவந்துவிட்டது. அதற்குள் போன் அடித்தது. எதிர்முனையில் மதியழகன், மலைமுகில் அறக்கட்டளையின் பொறுப்பாளர். மலை விவசாயிகளின் பயிர்க் கணக்கை எடுக்கிற அறக்கட்டளை அது.

"மேடம், எங்க களப்பணியாளர் பூவிழி தப்புப் பண்ணிட்டா. போன வியாழக்கிழமை சர்வேக்குப் போன எடத்துல குத்தகைப் பத்திரத்துலயும் கையெழுத்து வாங்கியிருக்கா. விடுதிக்காரங்க கையில அவ போயிட்டா போல. நாங்களே கண்டுபிடிச்சு நாங்களே புகார் குடுக்கறோம்."

தானே முன்வந்து இத்தனை சுறுசுறுப்பாகப் புகார் கொடுக்கிறவர்களைத் தெரசாவுக்கு எப்போதுமே பிடிக்காது. ஆனால் பிடிக்காது என்பது ஆதாரம் ஆகாது.

காலை 11.30.

ஏட்டு மாது அறக்கட்டளைக்குப் போய் பூவிழியையும், அவள் சர்வேக்குக் கொண்டுபோகும், பீரோவில் இருந்த டேப்லெட்டையும் கொண்டுவந்தார். விண்டோஸ் டேப்லெட். பன்னிரண்டு அங்குலக் கண்ணாடி, நிமிர்த்தி வைக்கப் பின்னால் ஒரு தகடு, காந்தத்தில் கவ்விக்கொள்ளும் கீபோர்டு, பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேனா. பூவிழியை வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டு, தெரசா பேனாவை உருவி, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து கிறுக்கிப் பார்த்தாள். அழுத்தினால் கோடு தடித்தது, லேசாக இழுத்தால் மெலிந்தது. ஸ்டேஷன் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்வதற்குள் டீ ஆறிப்போகும். இது தொட்டதும் விழித்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு உள்ளே வந்து எதிரே நின்ற பூவிழிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்திருந்தாள். இப்போது அவளும் கோபத்தில்தான் இருந்தாள்.

"இதை வாங்கச் சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"லேப்டாப் இல்லையா உங்க ஆபீஸ்ல?"

"இருந்துச்சுங்க. ரெண்டரைக் கிலோ. மூணு மணி நேரத்துல சார்ஜ் எறங்கிடும். மலைல கரண்ட் போனா எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? இதுக்கு போன் பவர்பேங்க் போதும். சாதா டேப்லெட்ல எங்க சர்வே சாப்ட்வேர் ஏறாது, இதுல லேப்டாப் மாதிரியே ஓடும். கீபோர்டைக் கழட்டிட்டு ஒரு கையில புடிச்சுக்கிட்டு கொல்லைலயே நின்னு எழுதலாம். அவங்களும் கண்ணாடி மேலயே கையெழுத்துப் போட்டுடலாம்."

"குறையே கெடையாதா?"

"ஏன் இல்லாம? மடியில நிக்காது. பஸ்ல டைப் அடிக்க அடியில பரீட்சை அட்டை வச்சுக்குவேன். வெயில்ல எழுத்துத் தெரியாது. பேனாவுக்குப் போடற செல் ரிமோட் செல்லை விட ஒல்லிங்க, இந்த ஊர்ல எங்கயும் கெடைக்கலை. போன செவ்வாய்க்கிழமை தீர்ந்துபோச்சு. பஸ் ஸ்டாண்டுல இருந்து எல்லாக் கடையும் ஏறி எறங்கிட்டேன். ‘பேனா போனா போவுது, விரல்லயே வாங்குங்க’ன்னு மதியழகன் சார் குரூப்புல மெசேஜ் போட்டாரு. அதுல இருந்து எல்லாருக்கும் விரல்தான்."

தெரசா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெஞ்சில் இருந்த முனியாயியைப் பார்த்துக் கேட்டாள்.

"வியாழக்கிழமை நீங்க எதால எழுதினீங்க?"

"விரலாலதான். ஒரு தடவைதான் போட்டேன். சாமைக் கணக்குன்னு சொல்லுச்சு இந்தப் பொண்ணு."

டேப்லெட்டில் இரண்டு படிவங்களும் இருந்தன. சாமைக் கணக்கு, வியாழன் 11.45. குத்தகைச் சம்மதம், வியாழன் 11.52. இரண்டு கையெழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள் தெரசா. எழுத்துகள் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தன. கணக்கில் இருந்த கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன். சம்மதத்தில் ‘மு’ தடித்து, சுழியில் மெலிந்து, ‘யி’யில் மறுபடி தடித்திருந்தது.

"இந்த நேரத்தை மாத்த முடியுமா?"

"முடியுங்க. மலைல சிக்னல் இருக்காது, அதனால டேப்லெட் கடிகாரம் காட்டறதுதான் பதிவாகும். கடிகாரத்தைப் பின்னால தள்ளி வச்சா அதுவும் பின்னால போகும்."

"கடைசியா எப்ப தொட்டே?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு பீரோவுல வச்சேன். பீரோ சாவி சார்கிட்ட ஒண்ணு, சிஸ்டம் பாக்கற தமிழ்ச்செல்வன் அண்ணன்கிட்ட ஒண்ணு. என்கிட்ட கெடையாது."

"பாஸ்வேர்டு?"

"பீரோக் கதவுக்கு உள்ளாறயே எழுதி ஒட்டியிருக்குங்க. எல்லாரோடதும் அங்க இருக்கணும்னு சார் ரூல்."

"பேஷ்! அப்புறம் பூட்டு எதுக்கு?" என்று தெரசா மேசையைத் தட்டிய தட்டில் டீ டம்ளர் குதித்தது.

பகல் 12.20.

தெரசா வராந்தாவுக்குப் போய், பாலக்கோட்டில் மைக்செட் கடை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ரிமோட் செல்லை விட ஒல்லியா ஒரு செல் இருக்காமே. கடையில இல்லைன்னா வேற எங்கடா கெடைக்கும்?"

"மைக்குக்குப் போடுவோமே சதுர செல், அதை உடைச்சா உள்ள ஆறு கெடக்கும்க்கா. எல்லாக் கம்பெனி செல்லுலயும் இருக்காது, நல்ல செல்லுல இருக்கும். எதுக்குக்கா?"

"அப்புறம் சொல்றேன்."

பகல் 1.10.

அறக்கட்டளைக் கூடத்தில் மகளிர் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேடையில் மதியழகன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கடைசி வரிசையில் காவேரி என்ற பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மைக் இல்லையா?" என்று கேட்டாள் தெரசா.

"சனிக்கிழமை கூட்டத்துல கணீர்னு கேட்டுச்சுங்க. இன்னிக்கு எடுத்துப் பாத்தா உள்ள செல்லையே காணோமாம். எதைத்தான் திருடறதுன்னு இல்லை."

கூட்டம் கலைந்ததும் தெரசா மதியழகனைத் தனியே உட்கார வைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை எங்க இருந்தீங்க?"

"காரிமங்கலம். மாமனார் வூட்ல. காலைல போயி சாயங்காலம் வந்தேன்."

"டேப்லெட் எடுத்துப் பாப்பீங்களா?"

"நான் லேப்டாப் ஆளு மேடம். அந்தப் பொம்மையை வாங்கவே வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? இன்னிவரைக்கும் அதை நான் கையால தொட்டதில்லை."

அடுத்து தமிழ்ச்செல்வன். முப்பது வயது. வியர்த்துக் கொட்டியது.

"ஞாயிற்றுக்கிழமை?"

"பதினோரு மணிக்கு ஆபீஸ் வந்தேங்க. பிரிண்டர் மை எடுக்க. பத்து நிமிசம்."

"பீரோவைத் திறந்தியா?"

"தெறந்தேங்க. மை அதுலதான் இருக்கும். டேப்லெட்டைத் தொடலைங்க, எங்கம்மா சத்தியமா."

ஏட்டு மாது தெரசாவின் காதருகே குனிந்தார். "மேடம், இவனே ஒத்துக்கறான். தூக்கிடலாமா?"

"பொறுங்கண்ணே. உண்மையைச் சொன்னதுக்கு யாரையும் தூக்க வேணாம்."

பகல் 2.30.

ஸ்டேஷனிலிருந்து பூவிழியையும் வரவழைத்து, மூன்று பேரையும் கூடத்தில் ஒன்றாக நிறுத்தினாள் தெரசா. மேசையில் டேப்லெட்டை வைத்து, தகட்டை மடக்கிப் படுக்கப்போட்டு, வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள்.

"விசாரணைக்கு வந்ததுக்கு அத்தாட்சி. இதுல ஆளுக்கு ஒரு கையெழுத்து. சீக்கிரம், நாலு மணிக்குத் தாலுகா ஆபீஸ் போகணும்."

பூவிழி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆள்காட்டி விரலால் பெயரை எழுதினாள். தமிழ்ச்செல்வன் வியர்த்த விரலைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு விரலாலேயே போட்டான். மதியழகன், "எனக்கு மூணு மணிக்குக் கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங் மேடம், நீங்க வேற" என்று பேசிக்கொண்டே பக்கவாட்டில் இருந்த பேனாவை உருவி, வாலை நீட்டி ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை அதே இடத்தில் ஒட்டினார்.

கோடு அழகாகத் தடித்து மெலிந்திருந்தது. தமிழ்ச்செல்வன் அதைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"சார்," என்றாள் தெரசா, "அந்தப் பேனா எழுதும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேனான்னா எழுதாதா?"

"செவ்வாய்க்கிழமை இந்தப் பேனா செத்துப்போச்சு. ‘பேனா போனா போவுது, விரல்லயே வாங்குங்க’. இந்த மெசேஜ் போட்டது நீங்கதானே? பூவிழிக்குத் தெரியும் அது செத்தது. தமிழ்ச்செல்வனுக்கும் தெரியும். அதனால ரெண்டு பேரும் அதைத் திரும்பிக்கூடப் பாக்கலை. மெசேஜ் போட்ட நீங்க மட்டும் உருவி எழுதறீங்க. அதுக்கு உசுர் குடுத்தவனுக்குத்தான் அது உசுரோட இருக்கறது தெரியும்."

"பழக்க தோஷம் மேடம். நாளைக்கு நூறு கையெழுத்துப் போடறவன் நான்."

"பழக்கம்னே வச்சுக்குவோம். மாது அண்ணே, சார் மேசை டிராயரைத் தெறங்க."

மாது திறந்தார். ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் தகரம் பிய்ந்த சதுர செல் ஒன்று கிடந்தது. பக்கத்தில் ஒல்லி ஒல்லியாகக் குட்டிச் செல்கள். மாது மேசையில் வரிசையாக வைத்து எண்ணினார். ஐந்து.

"ஆறு இருக்கணும்," என்றாள் தெரசா. பேனாவின் பின்பக்கத்தைத் திருகித் தட்டினாள். ஆறாவது செல் உள்ளங்கையில் விழுந்தது. நீளம் கொஞ்சம் குறைச்சல் போல, அடியில் பாக்குப் பொட்டலத்து வெள்ளித்தாள் மடித்து வைத்திருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமனார் வூட்ல இருந்து வந்தப்புறம் மைக்குல இருந்து செல்லை எடுத்தீங்க. விரலால ஈயடிச்சான் காப்பி அடிக்க முடியாது, விரல் கோட்டையே மறைச்சிடும். அதனால இந்தப் பேனா உங்களுக்கு வேணும். முனியாயி போட்ட கையெழுத்தைத் தாள்ல பிரிண்ட் எடுத்து, கண்ணாடி மேல வச்சு, அது மேலயே இழுத்தீங்க. கடிகாரத்தை வியாழக்கிழமைக்குத் தள்ளுனீங்க, கையெழுத்து முனியாயி போட்டதுதான்னு ஆகணும், பழி இந்தப் பொண்ணு மேல விழணும்னு. எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா அந்த வாரம் செவ்வாய்க்கு அப்புறம் மலையில கையெழுத்துப் போட்ட ஒருத்தர் கோடும் தடிச்சு மெலியாது. இது ஒண்ணு மட்டும் மெலியுது."

மதியழகன் நாற்காலியைத் தேடினார். "விடுதியில ஒரு பங்கு தர்றேன்னாங்க மேடம். சும்மா கெடக்கற கொல்லைதானேன்னு..."

"சும்மா கெடக்குதா?" தெரசாவின் குரலுக்குக் கூடத்து ஜன்னல் அதிர்ந்தது. மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை. "அந்தப் பொம்பளை வெயில்ல குனிஞ்சு களை எடுக்கற எடம் உனக்குச் சும்மா கெடக்குதா? மலை ஏறி எறங்கி நாயா அலைஞ்ச பொண்ணை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியே, நீயெல்லாம் ஒரு பொறுப்பாளர்! ஏத்துங்கண்ணே வண்டியில."

மாலை 3.50.

தாலுகா ஆபீசில் விசாரணை அதிகாரி தெரசாவின் அறிக்கையைப் படித்தார். இரண்டு கையெழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். குத்தகை மனு தள்ளுபடி என்றார். விடுதியின் வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்து, தெரசாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"அம்மா, நான் சம்மதம் தரலைன்னு ஒரு வாக்குமூலம் வேணும்," என்று அதிகாரி தன் மேசையில் இருந்த ஆபீஸ் டேப்லெட்டை முனியாயியின் பக்கம் திருப்பினார். "அடிச்சு வச்சாச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நீங்க பஸ்ஸைப் புடிக்கலாம்."

"போட மாட்டேன்."

"உங்க நல்லதுக்குத்தாம்மா."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. காயிதத்துல எழுதுங்க. எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க. அப்புறம் போடறேன்."

பூவிழி தயங்கித் தயங்கி அவளருகே போனாள். "அக்கா, டேப்லெட்டு மேல தப்பில்லைக்கா. அந்த ஆளு..."

"நீ பேசாத." முனியாயி அவள் பக்கம் திரும்பினாள். அன்று காலையிலிருந்து அவள் யார் மீதும் இப்படிப் பார்வையைத் திருப்பவில்லை. "அந்தாளு திருடன். சரி. நீ நல்லவ. நீ அன்னிக்குக் கண்ணாடிய நீட்டி ‘இங்க போடுங்கக்கா’ன்னே. என்ன எழுதியிருக்குன்னு ஒரு வரி படிச்சுக் காட்டுனியா? நீ எதை நீட்டியிருந்தாலும் நான் போட்டிருப்பேனே!"

பூவிழி வாயைத் திறந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வெயிலில் எழுத்துத் தெரியவில்லை, இன்னும் பதினோரு வீடு பாக்கி இருந்தது. எல்லாமே உண்மைதான். ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள். தெரசாவாலும் முனியாயிக்கு முகம் கொடுக்க முடியவில்லை. காலையில் முனியாயியிடம் புகார் எழுதி வாங்கியபோது அவளும்தான் ‘இங்க போடுங்க’ என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அதிகாரி ஒரு தாளை எடுத்து எழுதினார். முடித்துவிட்டுக் கடகடவென்று வாசித்தார். முனியாயி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஓடாதீங்க," என்றாள். "நாலு பக்கமும் யாரு யாரு கொல்லைன்னு போட்டிருக்கீங்கல்ல, அங்க நிறுத்தி நிறுத்திப் படிங்க. மொதல்ல இருந்து."

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி தெரசாவைப் பார்த்தார். தெரசா ஒரு நாற்காலியை இழுத்து முனியாயிக்குப் போட்டாள். அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.