பன்னிரண்டாம் அறை காலியில்லை

காலை எட்டு மணி. நாளை ஆற்றுகால் பொங்காலை, பெண்கள் ஊரெங்கும் தெருவில் பானை வைத்துப் பொங்கலிடும் திருவிழா. தம்பானூர் லாட்ஜின் வரவேற்பில் மாடம்மாள் கைபேசியைத் தூக்கிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். வித்துராவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். ‘அறை எண் 12 உங்களுக்கு உறுதி’ என்று செய்தி பளிச்சென்று இருந்தது. லாட்ஜ் கணினியில் அவள் பெயரே இல்லை. அவளைப் போல இன்னும் பல பெண்கள், பானையும் பையுமாக.

பல லாட்ஜ்களின் அறைகளைப் பதிவு செய்யும் செயலியை நடத்திய சின்ன நிறுவனம் அதே கட்டடத்தின் மாடியில் இருந்தது. முதலாளி நாகேஸ்வரன் ஆஷாவைப் பிடித்துக்கொண்டார். அவள் புதிதாகச் சேர்ந்தவள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியே இப்போதுதான் படிக்கிறாள்.

“நேத்து ஜெயந்த் பாடுபட்டு ஆப்பை ஸ்பீடாக்கினான். அன்னிக்கே நீ டேட்டாபேஸைத் தொட்டுப் பேரையெல்லாம் அழிச்சுட்டே. பத்து மணிக்குள்ள சரியாகலேன்னா வேலையை விட்டுட்டு ஆத்துக்குப் போயிடலாம், கேட்டோ!”

ஆஷாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று கீழே இறங்கினாள்.

“அம்மா, பன்னிரண்டுல யார் இருக்கா?”

“கொல்லத்துக்காரி ஒருத்தி. அவ போன்லயும் இதே மெசேஜ்தான் மக்களே!” என்றாள் மாடம்மாள்.

“மத்தவா ரூமெல்லாம்?”

மேனேஜர் ராஜையன் சலித்துக்கொண்டார். “எல்லாத்துலயும் ஆளுண்டு. ஒண்ணுகூட ஒழிவில்லை.”

ஆஷா துள்ளிவிட்டாள். படிகளில் தாவி மேலே ஓடினாள்.

“சார், யாரும் எதையும் அழிக்கலை! அழிச்சிருந்தா அந்த ரூமெல்லாம் காலியா கிடக்கணுமே? ஒரே ரூமை ஒரே சமயத்துல ரெண்டு பேர் கேட்டிருக்கா. டேட்டாபேஸ் ஒருத்தரைப் பதிஞ்சுது, இன்னொருத்தரை முடியாதுன்னுடுத்து.”

“பின்னே எந்தா ரெண்டு பேருக்கும் உறுதின்னு போச்சு?”

“பதில் வர்றதுக்கு முன்னாலேயே மெசேஜ் போயிடுத்து. டேட்டாபேஸ்கிட்ட ‘பதிஞ்சு வை’ன்னா உடனே கிடைக்கறது ப்ராமிஸ்தான், ஹோட்டல் டோக்கன் மாதிரி. அப்புறம் தோசை வரலாம், மாவு தீர்ந்துபோச்சுன்னும் வரலாம். கோட்ல ‘அவெயிட்’னு ஒரு சொல் போட்டாத்தான் பதில் வர்ற வரைக்கும் அடுத்த வரி காத்திருக்கும். அதை யாரோ எடுத்திருக்கா. ஒரே நாள்ல ஆப் எப்படிப் பறந்தது? ஜெயந்த், நீதானே?”

பக்கத்து மேஜையிலிருந்த ஜெயந்த் தலையைச் சொறிந்தான். “சார்தான் ஸ்க்ரீன்ல சக்கரம் சுத்தறது, கறங்கறதுன்னு பிராணனை எடுத்தார். அதான் எடுத்துட்டேன். நான் ஒருத்தன் மட்டும் அமுக்கிப் பார்த்தேன், எல்லாம் சரியா வந்துது.”

ஆஷா அவெயிட்டைத் திரும்பப் போட்டாள். மறுப்பு வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதினாள். பிறகு அவளும் ஜெயந்தும் ஒரே அறையை ஒரே நொடியில் அமுக்கினார்கள். அவனுக்கு அறை கிடைத்தது. அவளுக்கு ‘இந்த அறை போய்விட்டது, வேறு பாருங்கள்’ என்று வந்தது. அறை கிடைக்காததற்காக ஆஷா கைதட்டிக் குதித்தாள்!

அந்தச் சோதனைப் பதிவை நீக்கிவிட்டு மாடம்மாளுக்குக் கிழக்கேகோட்டையில் ஒரு அறை தேடி அமுக்கினாள். திரையில் சக்கரம் சுற்றியது.

“கறங்கறதே!” என்று நாகேஸ்வரன் தவித்தார்.

“கறங்கட்டும் சார்.”

பதில் வந்தது. அந்த லாட்ஜுக்குப் போன் செய்து கேட்டார்கள். மாடம்மாளின் பெயர் ஏறியிருந்தது. அவள் பானையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

மணி பத்தைத் தாண்டியிருந்தது. நாகேஸ்வரன் தன் நாற்காலியை ஆஷாவுக்கு இழுத்துப் போட்டார்.

“உட்காரு. மத்தவாளுக்கும் நீயே ரூம் போடு.”